தவமணி அக்காவின் பிக்கப்பில் பூட்டாமல் விட்டது

நான் கராஜை விட்டு மூன்று வருடமாகிறது. இப்போது அதை நடத்துகிற நீங்கள் எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள். கணினியைப் பொருத்தி எஞ்சினின் குறையை வாசிக்கத் தெரிந்தவர்கள். ஸ்பானர் பிடிக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் போன கிழமை உங்களில் ஒருவர் போன் பண்ணி, பழைய வாகனங்களைப் பெரிய எஞ்சின் பூட்டிப் பாய்கிற ஹொட் ரொட்டாக மாற்றித் தரச்சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்கிறார்கள், எடுக்கலாமா என்று கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

அந்த வேலையை எங்கள் கராஜில் ஒரே ஒரு தடவைதான் செய்தோம். அதன் படம் இன்னும் சுவரில் தொங்குகிறது. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பிக்கப், கழுத்தில் மாலையோடு. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன். படத்தின் ஓரத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் படம் எடுத்து ஒன்றரை மணி நேரத்துக்குள் என்ன நடந்தது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. கராஜில் நசீருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நசீரை உங்களுக்குத் தெரியும். காத்தான்குடியிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து, என்னோடு இருபத்திரண்டு வருடம் வெல்டிங் வேலை செய்தவர். இதைச் சொல்லலாமா என்று அவரிடமும் கேட்டேன். "சொல்லு மச்சான். சொல்லாம விட்டா அதுவும் பிழதான்" என்றார்.

பிக்கப் தவமணி அக்காவுடையது. வாவிக் கரையில் மீனும் இறாலும் எடுத்து, ஐஸ் போட்டு, செங்கலடிக்கும் அதற்கு அப்பால் பதுளை வீதியில் கரடியனாறு, புல்லுமலை வரைக்கும் கொண்டுபோய் விற்றவர். அவருடைய கணவருக்கு வாகனம் ஓட்டப் பயம். அதனால் தொடக்கத்திலிருந்தே ஓட்டியவர் அக்காதான். இங்கிலாந்தில் செய்த பழைய பிக்கப். அவர் வாங்கும்போதே அது கிழடு. அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அவரிடம் உழைத்தது. ஐஸ் தண்ணீரும் உப்பும் ஊறி, பின் தட்டின் ஓட்டையால் பார்த்தால் வீதி தெரியும். முழங்கால் நோவினால் அவர் வியாபாரத்தை நிறுத்திய வருடம் அதை எங்களிடம் கொண்டுவந்தார்.

"பழையபடி புதுசாக்கித் தரணுமா அக்கா?" என்று கேட்டேன்.

"பழையபடி என்னத்துக்கு? பழையபடி இத நான் ஓட்டி முடிச்சிட்டன்" என்று சொல்லிப் போனை நீட்டினார். வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய படம். பொனற்றின் பக்கத் தகடுகள் இல்லை, எஞ்சின் வெளியே பளபளக்கிறது, முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் தூக்கி நிற்கிறது. "இப்பிடி. இது போல ஓடணும்."

நசீர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

"புல்லுமலைக்கு ஐஸ் பெட்டியோட ஏறுவன் தம்பி. பின்னால வாற லொறி, பஸ், எல்லாம் கோர்ன் அடிச்சி என்னக் கடந்து போகும். ஒரு நாள் தயிர் கொண்டு போற ஒருத்தன், மோட்டார் சைக்கிள்ல ரெண்டு பக்கமும் சட்டியக் கட்டிக்கிட்டு, எனக்குக் கையக் காட்டிட்டு முந்திப் போனான். சாகிறதுக்குள்ள நான் ஒருத்தன முந்திப் பாக்கணும்."

ஒரு வாகனத்தை ஏன் மாற்றுகிறார்கள் என்பதற்கு இதைவிட நேர்மையான காரணத்தை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை. எடுத்துக்கொண்டோம்.

எட்டு மாத வேலை. ஜப்பான் வான் ஒன்றிலிருந்து எடுத்த ஆறு சிலிண்டர் எஞ்சின். அதை அந்தப் பழைய சேசிஸ், அதாவது அடிச்சட்டம், தாங்குமா என்பதுதான் எனக்கிருந்த பெரிய பயம். உப்பு உள்ளே தின்றிருக்கும். வெளியே தட்டிப் பார்த்தால் தெரியாது. சாப்பிடும்போதும் அதே யோசனை. கடைசியில் முன்பாதியை முழுவதும் வெட்டி எறிந்து புதிதாகச் செய்தோம். நசீர் வைத்த வெல்டிங் ஒவ்வொன்றையும் நான் மூன்று தரம் பார்த்தேன். அவர் முகம் சுளித்தார்.

பயத்தையெல்லாம் நான் சேசிஸிலேயே செலவழித்துவிட்டேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பெரிய ஆபத்து ஒன்றின்மேல் எட்டு மாதம் கண் வைத்திருக்கிறவனுக்கு, அதைத் தாண்டியதும் எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும்.

பிறேக்கில் ஒரு விடயம் இருந்தது. அந்தக் காலத்து வாகனங்களில் நான்கு சக்கரத்துக்கும் பிறேக் எண்ணெய் ஒரே வழியாகப் போகும். அந்த வழியில் ஓரிடத்தில் பழுது வந்தால் நான்கும் போய்விடும். இப்போதையவற்றில் இரண்டு வழி. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். நான் இரண்டு வழி பூட்டத்தான் நினைத்தேன். அதற்கு மிதியை இடம் மாற்ற வேண்டும் என்று சொன்னபோது அக்கா மறுத்துவிட்டார்.

"என்ட கால் அந்த மிதியத் தேடாமலே போய் நிக்கும் தம்பி. முழங்கால் வேற ஏலாது. அதத் தொடாத."

அவருடைய வாகனம், அவருடைய கால். சரி என்றேன். முன் சக்கரங்களுக்கு நல்ல பிறேக் போட்டோம், எண்ணெய் வழியைப் பழையபடியே ஒன்றாக விட்டோம். மிதியை அதே இடத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வழி செய்ய முடியுமா என்று நான் இன்னும் இரண்டு நாள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வாடிக்கையாளர் சொன்னார் என்று அதற்கு ஒரு காரணமும் கையில் இருந்தது.

கையளிக்கிற காலை. சைலன்சர் குழாய் எங்கோ கிணுகிணுவென்று தட்டியது. கீழே படுத்துப் பார்த்தேன். பிறேக் குழாயைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு சிறிய கிளிப்பில்தான் சைலன்சர் உரசுகிறது. கிளிப்பைக் கழற்றிவிட்டுச் சைலன்சரைக் கொஞ்சம் நகர்த்தினேன். சத்தம் நின்றது. கிளிப்பைத் திரும்பப் பூட்ட இன்னும் சற்று நீளமான போல்ட் வேண்டும். எழுந்துபோய் மேசையில் தேடினேன். போல்ட்டும் கிடைத்தது. அப்போது வாசலில் தவமணி அக்கா வந்து இறங்கினார். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தி, மாலையும் தேங்காயும் தேசிக்காயுமாக, பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேரோடு.

நான் கையைக் கழுவப் போனேன். நசீர் வந்து, "கீழ எல்லாம் முடிஞ்சா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. என் மனதில் அது முடிந்துதான் இருந்தது. தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது, வேலை முடிந்துவிட்டது. தேசிக்காயை ரயருக்கு அடியில் வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், படம் எடுத்தார்கள். எஞ்சினை முடுக்கியபோது முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் நெஞ்சு அதிர்ந்தது. அக்கா ஏறி இருந்து, "புல்லுமலைக்குப் போய்ட்டுத்தான் வீட்ட வருவன்" என்று கத்திச் சொல்லிவிட்டுப் போனார்.

முற்றத்தில் தேங்காய்த் தண்ணீர் காயவில்லை. மேசையைத் துடைக்கலாம் என்று போனேன். அங்கே கிளிப் கிடந்தது. பக்கத்தில் நான் தேடி எடுத்த நீளப் போல்ட்.

சில நொடிகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேறு ஏதோ வாகனத்தின் கிளிப்பாக இருக்கட்டும் என்று மனம் கெஞ்சியது. அந்தக் கிளிப் இல்லாவிட்டால் பிறேக் குழாய் அதிர்ந்து அதிர்ந்து மெல்லத் தாழும். தாழ்ந்தால் சைலன்சர் குழாயில் போய்ப் படுக்கும். அந்தச் சூட்டில் உள்ளே உள்ள எண்ணெய் கொதிக்கும். எண்ணெய் கொதித்தால் மிதி வெறுமனே உள்ளே போகும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி.

"நசீர்" என்றேன். கிளிப்பைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மோட்டார் சைக்கிளின் திறப்பை எடுத்தார்.

நசீர் ஓட்டினார். நான் பின்னால் இருந்து போன் அடித்துக்கொண்டே வந்தேன். அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. அந்த எஞ்சின் சத்தத்தில் எடுக்கவும் மாட்டார். அந்தச் சத்தத்தை உண்டாக்கியவன் நான். ஏறாவூரில் சந்தைக் கூட்டம். ஒவ்வொரு முச்சக்கர வண்டியும் எங்களை மறிக்கத்தான் வந்தது போலிருந்தது. செங்கலடிச் சந்தியில் ரயர்க்கடை வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு அடித்தேன்.

"கத்தரிப்பூக் கலர் பிக்கப் ஒண்டு வந்ததா? வந்தா ஓடிப்போய் மறிச்சு வையுங்க!"

"இப்பதான் போகுது அண்ணன். இருவது நிமிசம் இஞ்சதான் நிண்டவ. சனம் எல்லாம் சுத்தி நிண்டு படம் எடுத்திச்சி. எஞ்சினயும் நிப்பாட்டாம முறுக்கி முறுக்கிக் காட்டினவ."

ஓடுகிற வாகனத்துக்குக் காற்றாவது படும். நிற்கிற இடத்தில் எஞ்சினை முறுக்கினால் சூடு முழுக்கக் கீழேதான் தங்கும்.

பதுளை வீதியில் திரும்பியதும் இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல் வட்டை. எங்கும் வைக்கோல். வீதி நேராகக் கிடந்தது, ஆனால் பிக்கப்பைக் காணவில்லை. ஒவ்வொரு மதகிலும் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும். அதைத் தேடுகிறேன் என்று நசீருக்குச் சொல்லவில்லை. அவரும் மதகுகளில் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் வந்தார்.

கரடியனாறு தாண்டிச் சற்றுத் தூரத்தில் அதன் சத்தம் முதலில் கேட்டது. முன்னால் கிரவல் ஏற்றிய டிப்பர் லொறி ஒன்று. அதற்கு முன்னால் கத்தரிப்பூ நிறம் தெரிந்தது. இல்லை, முன்னால் அல்ல, பக்கத்தில். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தவமணி அக்கா அந்த டிப்பரை முந்திக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்து அசைந்தது. முப்பது வருடமாக அவர் ஆசைப்பட்டது என் கண் முன்னால் நடந்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

நசீர் டிப்பரைத் தாண்டினார். பிக்கப்பின் பின்னால் வந்தோம். நசீரின் பெருவிரல் கோர்னுக்குப் போனது.

"அடிக்காத!" என்று அவர் தோளில் குத்தினேன்.

"அடிக்காம எப்பிடி நிப்பாட்டுறது?"

"கோர்ன் கேட்டா அவ என்ன செய்வா? பிறேக்கத்தான் மிதிப்பா."

நசீர் பெருவிரலை எடுத்தார். ரயர்க்கடைக்காரரிடம் மறிக்கச் சொன்னேனே, அவர் ஓடிப்போய் நடு வீதியில் கையை விரித்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதற்றத்தில் என் முதல் யோசனையே ஒரு மனிதரைக் கொன்றிருக்கும்.

முன்னால் வீதி ஏறுகிறது. ஏறி முடிந்த இடத்தில் வளைவு. வளைவுக்கு அப்பால் நீண்ட இறக்கம், இறக்கத்தின் அடியில் ஒடுங்கிய பாலம். அந்த நேரத்தில் அங்கே மாடுகள் கடக்கும். ஏற்றத்தில் எஞ்சினை நிறுத்தினால் வாகனம் தன் பாட்டில் வேகம் குறைந்து நிற்கும், பிறேக் தேவையில்லை. ஏற்றம் முடிவதற்குள் நிறுத்த வேண்டும்.

"பக்கத்தில போ" என்றேன்.

நசீர் பிக்கப்பின் பக்கத்துக்கு வந்தார். நான் வாய் கிழியக் கத்தினேன். "பிறேக் மிதிக்காதீங்க! காலை எடுங்க!" அக்கா திரும்பிப் பார்த்தார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வழியனுப்ப வந்திருக்கிறோம் என்று நினைத்தாரோ, போட்டிக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்தாரோ, சிரித்துக்கொண்டே அக்ஸிலேட்டரை அழுத்தினார். பிக்கப் பாய்ந்து முன்னால் போனது.

"யா அல்லாஹ்" என்றார் நசீர். மோட்டார் சைக்கிளை முறுக்கினார்.

மறுபடி பக்கத்தில் வந்தபோது ஏற்றத்தில் பாதி போய்விட்டது. கத்திப் பிரயோசனமில்லை. அப்போதுதான் கராஜில் எஞ்சினைப் பரிசோதித்த நாட்கள் ஞாபகம் வந்தன. சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அக்கா சீட்டில் இருப்பார், நான் முன்னால் நின்று கையால் காட்டுவேன். மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பினால் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்து என்று அர்த்தம். எத்தனையோ தரம் செய்திருக்கிறோம். நான் சிரிக்காமல் அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு கையை உயர்த்தி மணிக்கட்டைத் திருப்பினேன்.

அவர் சிரிப்பு நின்றது. ஏன் என்று கேட்கவில்லை. கை போய்த் திறப்பைத் திருப்பியது.

சத்தம் அறுந்து விழுந்தது போல நின்றது. கியரில் இருந்தபடியே பிக்கப் இழுபட்டு இழுபட்டு வேகம் குறைந்தது. ஒரு வழியாக ஏற்றத்திலேயே நிற்கப் போகிறது என்று நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடியவில்லை. வாகனம் நிற்கும்போது எந்த ஓட்டுநருக்கும் கால் தானாகச் செய்வதை அக்காவின் காலும் செய்தது. கிளட்சை மிதித்து, பிறேக்கை மிதித்தார். பிறேக் மிதி தட்டில் போய் முட்டியது. பிக்கப் பின்னால் உருளத் தொடங்கியது.

பின்னால் கிரவலோடு டிப்பர் ஏறி வந்துகொண்டிருந்தது.

முன்னால் போகிற ஆபத்தை மட்டும்தான் நான் யோசித்திருந்தேன். ஏற்றத்தில் நின்ற வாகனம் பின்னால் வரும் என்பது ஒரு சிறு பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை.

"தம்பி, பிறேக் இல்ல!" அக்காவின் குரல் இப்போது தெளிவாகக் கேட்டது.

"கிளட்ச விடுங்க! கிளட்ச விடுங்கக்கா!" நசீரும் நானும் ஒன்றாகக் கத்தினோம். கைப்பிறேக் என்று ஒன்று இருப்பது மூன்று பேருக்கும் ஞாபகம் வரவில்லை. நான் குதித்துக் கதவைப் பிடித்து இழுத்தேன், ஏதோ என் கையால் அதை நிறுத்திவிடலாம் என்பது போல. அக்கா இடது காலை எடுத்தார். பிக்கப் ஒரு குலுக்குக் குலுக்கி, கியரில் பிடிபட்டு நின்றது. டிப்பரின் முன் தகட்டுக்கும் அதற்கும் இடையில் ஓர் ஆள் படுக்கிற தூரம் இருந்திருக்கும்.

டிப்பரையும் நிறுத்திவிட்டு அதன் சாரதி கதவைத் திறந்து இறங்கினார். நான் அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கவோ விளக்கம் சொல்லவோ வாயைத் திறந்தேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு வீதியோரத்தில் இருந்த இரண்டு பெரிய கற்களைத் தூக்கி வந்து பிக்கப்பின் பின் சக்கரங்களுக்குக் கீழே வைத்தார்.

"முதல்ல கல்ல வைங்க. கதய மறுகா பேசுங்க" என்றார்.

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அங்கே நின்றவர்களில் முதலில் சரியான வேலையைச் செய்தவர் அவர்தான். பிறகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய்க் கராஜில் விடட்டுமா என்றும் கேட்டார். நல்ல மனது. ஆனால் கயிற்றில் இழுபடுகிற வாகனத்துக்கும் பிறேக் வேண்டும். வேண்டாம் என்று நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, வாகனம் ஏற்றுகிற லொறி ஒன்றுக்கு நசீர் போன் பண்ணினார். வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள்.

நான் கீழே படுத்துப் பார்த்தேன். பிறேக் குழாய் சைலன்சர்மேல் படுத்துக் கிடந்தது. பூச்சுக் கருகியிருந்தது. கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளை.

வீதியோரத்து மருத மர நிழலில் அக்கா இருந்தார். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அரை மணி நேரம் போயிருக்கும். அவர் எழுந்துபோய்ப் பிக்கப்பில் ஏறி மிதியை அழுத்திப் பார்த்தார்.

"தம்பி, இப்ப பிடிக்குது. நல்லா இறுக்கமா இருக்கு. என்ன இது?"

எண்ணெய் ஆறினால் மிதி திரும்பி வரும். அதுதான் அந்தப் பழுதின் பொல்லாத குணம். ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடும். கிளிப்பும் போல்ட்டும் என் சட்டைப் பையில் இருந்தன. பூட்டப் பத்து நிமிடம் போதும்.

நசீர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மச்சான், பூட்டிட்டு, புது வண்டிதானே, முதல் ஓட்டத்தில குழாய் கொஞ்சம் இறங்கிட்டு எண்டு சொல்லுவம். சும்மா ஒருக்காப் பாக்கத்தான் பின்னால வந்தம் எண்டு சொல்லுவம். பேர் கெட்டுப் போகும்."

நசீர் கெட்டவர் அல்ல. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கும் அது எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை உங்களுக்கு மறைக்க மாட்டேன். அந்தக் கதையின் சொற்கள்கூட என் வாயில் வந்துவிட்டன. அக்காவிடம் போனேன். அவர் காலை மிதியிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார். முழங்கால் நோவோடு அந்த மிதியை நம்பி அவர் இருந்த விதத்தைப் பார்த்ததும் அந்தச் சொற்கள் போய்விட்டன. பையிலிருந்து கிளிப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இதக் காலையில நான் கழட்டினனான் அக்கா. நீங்க வந்த அவசரத்தில திருப்பிப் பூட்ட மறந்திட்டன். என்ட பிழ. நசீருக்கு இதில ஒண்டுமில்ல. கேட்டவர், நான்தான் முடிஞ்சிது எண்டு சொன்னனான்."

அவர் கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுனி அளவு தகடு. ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேற என்னத்த மறந்தாய்?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டிய இடம். சொல்ல முடியவில்லை. இதையே மறந்தவன் வேறொன்றையும் மறக்கவில்லை என்று எதை வைத்துச் சொல்வது?

"தெரியாது அக்கா" என்றேன்.

முப்பத்தெட்டு வருடத் தொழிலில் நான் சொன்ன பதில்களில் அதைச் சொல்லத்தான் எனக்கு அதிக நேரம் எடுத்தது.

பிக்கப் லொறியில் ஏறிக் கராஜுக்குத் திரும்பி வந்தது. அடுத்த நாள் காலையில் அக்கா வந்தார், ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு வாகனத்துக்குப் பக்கத்தில் இருந்தார், கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் சோக்குக்கட்டியை எடுத்தார். "ஒவ்வொண்டாக் கழட்டு. ஒவ்வொண்டாப் பூட்டு. பூட்டினத எனக்குக் காட்டு" என்றார். நான் இறுக்குகிற ஒவ்வொரு நட்டிலும் அவர் குனிந்து ஒரு மஞ்சள் கோடு போட்டார். குனிய முடியாத இடத்தில் என் கையில் சோக்கைத் தந்து, போட்டதைப் போனில் படமெடுத்துக் காட்டச் சொன்னார்.

ஐந்து நாள். மூன்றாம் நாள் ஸ்டியரிங்கின் மூட்டு ஒன்றில், நட்டுக் கழலாமல் குறுக்கே போடுகிற சிறு கம்பிப் பின் ஒன்று கண்ணில் பட்டது. போட்டிருந்தேன், ஆனால் நுனியை மடிக்கவில்லை. எத்தனை மாதமானாலும் ஒரு நாள் அது விழுந்திருக்கும். அக்கா அப்போது தேநீர் குடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். மடித்த பிறகு இரண்டு கோடு போட்டார்.

பிறேக்குக்கு இரண்டு வழி செய்தேன். மிதி அதே இடத்தில்தான் இருந்தது. ஒரு சிறு தண்டும் ஒரு மூட்டும் செய்து கொடுத்தால் போதும் என்று, உட்கார்ந்து யோசித்த இரண்டாம் நாளே பிடிபட்டது. எட்டு மாதம் அதற்கு நேரமிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வாகனத்தையும் நான் நிம்மதியாகக் கையளித்ததில்லை. வாசலைத் தாண்டிப் போகிற ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் எழுந்துபோய் மேசையைத் தடவிப் பார்த்திருக்கிறேன். வீட்டில் இதை மருந்தெடுக்க வேண்டிய ஒரு வருத்தம் என்றார்கள். இருக்கலாம். ஹொட் ரொட் வேலையை எடுக்கலாமா என்று கேட்டீர்கள். எடுங்கள். உங்களுக்கு என்னைவிடக் கைத்திறமை உண்டு. ஆனால் உங்களில் ஒருவர் கீழே எல்லாம் முடிந்ததா என்று கேட்கும்போது, மற்றவர் பதில் சொல்லாமல் திரும்பவும் கீழே போய்ப் படுக்கட்டும். மாலையோடு வந்தவர்கள் காத்திருக்கட்டும்.

ஐந்தாம் நாள் பின்னேரம் வேலை முடிந்தது. திறப்பை அக்காவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீ ஓட்டு. நான் பக்கத்தில இருக்கிறன். புல்லுமலைக்குப் போவம்."

அந்த வீதியை நான் எத்தனையோ வருடமாக ஓட்டியிருக்கிறேன். அன்று போல ஒரு நாளும் ஓட்டவில்லை. செங்கலடியில் சனம் கை காட்டியதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது. ஏற்றம் வந்தது, வளைவு வந்தது, இறக்கம் தொடங்கியது. அடியில் பாலத்துக்கு முன்னால் மாடுகள் கடந்துகொண்டிருந்தன.

"இப்ப மிதி" என்றார் அக்கா.

மிதித்தேன். மிதி கல் மாதிரி நின்றது. பிக்கப் மூக்கைக் குனிந்துகொண்டு மாடுகளுக்கு வெகு தூரத்திலேயே நின்றது. மாட்டுக்காரர் எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். கடைசி மாடும் பாலத்தைத் தாண்டும்வரை நான் காலை எடுக்கவில்லை.

அக்கா தன் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இறங்கு தம்பி" என்றார். "மிச்சத்த நான் ஓட்டுறன்."